புதிய கேரவன் வேனின் முதல் பயணம்: வேளச்சேரியிலிருந்து ஏலகிரி வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேளச்சேரியில் அடுக்ககம் ஒன்றில் வசிக்கும் குடும்பம். தந்தை ஓய்வுபெற்றவர், வயது 67. தாய்க்கு 61. மகனும் மருமகளும் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். தாய்க்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் வெளியூர்ப் பயணம் என்றாலே கழிப்பறைக் கவலை. நடுவழியில் யாரிடமும் கேட்டு நிற்காமல் கோயில்களுக்கும் மலைகளுக்கும் போய்வர வேண்டும் என்பதற்காகத்தான், படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வேன் வாங்க முடிவு செய்தார்கள்.

மகன் சில ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தவர். அங்கே பிக்கப் வண்டியின் பின் தொட்டிக்குள் இணைப்புத் தட்டு பொருத்தி இழுக்கும் ‘ஐந்தாம் சக்கர’ வகை வீட்டுவண்டிதான் முதலில் அவர் மனதில் இருந்தது. அந்த வகையில் இழுவண்டியின் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் மேல் உட்காரும். அதைத் தாங்கும் பெரிய பிக்கப் வேண்டும், திருப்புவதற்கு அகலமான இடம் வேண்டும். வேளச்சேரியின் உட்தெருக்களில் இரண்டுக்கும் வழியில்லை. அதனால் நீளமான டிராவலர் வேன் ஒன்றைப் பட்டறையில் கொடுத்துக் கேரவனாகக் கட்டச் சொன்னார்கள்.

இங்கே அவர்கள் சரியாகச் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தொழில் தரவிதி இருக்கிறது. பட்டறை அந்த ஒப்புதலோடு கட்டித் தருகிறதா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுத்தார்கள். ஆர்.சி.யில் வண்டியின் வகை ‘மோட்டார் கேரவன்’ என்று பதிவானது, காப்பீடும் அதே வகையில் எடுக்கப்பட்டது. இது இல்லாமல் ஒரு விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கும் இடத்தில் எல்லாம் நின்றுவிடும்.

வண்டியின் விவரம்: பின்னால் இரட்டைச் சக்கரம், உயரம் 3.05 மீட்டர், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4,300 கிலோ, முன் அச்சுக்கு 1,650, பின் அச்சுக்கு 2,800. உள்ளே 150 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி, 80 லிட்டர் கழிவுநீர்த் தொட்டி, 12 வோல்ட் பம்பு, 6 லிட்டர் கீசர், ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி., 80 லிட்டர் பிரிட்ஜ், 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு, கூரையில் 400 வாட் சோலார், எடுத்துச் சென்று கொட்டும் பெட்டிக் கழிப்பறை.

வண்டி கைக்கு வந்த நாள்

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணி முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, தேங்காய் உடைந்து, மாலை ஐந்து மணிக்கு வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்தது. மறுநாள் விடியற்காலையிலேயே ஏலகிரிக்குக் கிளம்புவது என்று மகன் அறை முன்பதிவு செய்து, உறவினர்களையும் வரச்சொல்லியிருந்தார்.

அதைத் தடுத்தவர் தந்தை. வீட்டுக்கு வரும் வழியிலேயே இரண்டு விஷயங்கள் அவர் கண்ணில் பட்டிருந்தன. ஒன்று, தெருவுக்குக் குறுக்கே தொங்கிய இணையக் கேபிள் சோலார் பலகையின் விளிம்பில் மாட்டி இழுபட்டது. இன்னொன்று, அடுக்ககத்தின் கீழ்த்தள நிறுத்துமிடத்துக்குள் வண்டி நுழையாது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. “இதோட உயரமே நமக்கு இன்னும் பழகலப்பா. மலைக்கு எப்படிப் போறது?” என்று கேட்டார். மகனுக்கு வருத்தம்தான், ஆனாலும் பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சம்மதித்தார். முதலில் வீட்டு வாசலில் ஓர் இரவு, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அருகிலேயே ஓர் இரவு, அதன் பிறகு மலை என்று திட்டம் மாறியது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை இடையிடையே வந்து பார்க்கச் சொன்னார்கள்.

ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, கண்ணாடிக்கு மேலே, ‘உயரம் 3.05’ என்று பெரிதாக எழுதி ஒட்டியதுதான் முதல் வேலை. சென்னையில் ரயில்வே சுரங்கப் பாதைகளும் உயரத் தடுப்புக் கம்பிகளும் நினைக்காத இடத்தில் எதிர்ப்படும். அந்த நேரத்தில் ஓட்டுபவருக்கு எண் நினைவுக்கு வராது, கண்ணில் பட வேண்டும்.

வீட்டு வாசலில் ஓர் இரவு

சனிக்கிழமை இரவு அடுக்ககத்தின் திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, வெளி மின் இணைப்பு எதுவும் இல்லாமல் நால்வரும் உள்ளே படுத்தார்கள். தொட்டி முழுக்கத் தண்ணீர். இரவு ஒன்பதரைக்கு ஏ.சி. போடப்பட்டது.

விடியற்காலை நாலு பத்துக்கு எல்லாம் அணைந்தது. இதில் பழுது எதுவும் இல்லை, கணக்கு மட்டுமே. இரண்டு பேட்டரியிலும் சேர்த்து 5,120 வாட்-மணி. அதில் 90 சதவீதம் பயன்படுத்தலாம் என்றால் சுமார் 4,600. ஒரு டன் ஏ.சி. ஆவணி மாதச் சென்னைப் புழுக்கத்தில், தகர உடம்புக்குள், இரவு முழுக்கச் சராசரியாக 550 வாட் இழுக்கிறது. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பதும் பிரிட்ஜும் சேர்ந்தால் 650 முதல் 700 வாட். ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்க வழியில்லை. ‘ராத்திரி பூரா ஏ.சி. ஓடும் சார்’ என்று பட்டறையில் சொன்ன பேச்சு மலையின் குளிருக்குப் பொருந்தலாம், சென்னைக்குப் பொருந்தாது. அன்றிலிருந்து ஏ.சி.யை 27 டிகிரியில் வைத்து, படுத்த மூன்று மணி நேரத்தில் தானாக அணையும்படி அமைத்து, கூரை மின்விசிறியை ஓட விட்டார்கள்.

இன்னொன்றைத் தாய் கண்டுபிடித்தார். ஏ.சி. நின்று அமைதியானதும், “என்னங்க, குழாய் எதுவும் திறக்கல. தண்ணி மோட்டார் மட்டும் அப்பப்ப தானா ஓடுது” என்றார். இந்த வகைப் பம்பு குழாயில் அழுத்தம் குறைந்தால் மட்டுமே ஓடும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வினாடி ஓடுகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். காலையில் பார்த்தபோது கீசரின் உள்வரும் இணைப்பில் சொட்டு. அடியில் இருந்த பிளைவுட் ஏற்கெனவே உப்பத் தொடங்கியிருந்தது. இரவின் அமைதியில்லாமல் இதைக் கண்டுபிடிக்க இன்னும் பல நாள் ஆகியிருக்கும், அதற்குள் அலமாரியின் அடிப்பலகையே போயிருக்கும்.

கசிவுக்குக் காரணம் எளிது. பட்டறை வீட்டுக்குப் போடுவது போலவே பசை ஒட்டும் கெட்டியான சி.பி.வி.சி. குழாய் போட்டிருந்தது. சுவருக்குள் அசையாமல் இருக்கும் வீட்டில் அது நன்றாக உழைக்கும். அதிர்ந்துகொண்டே போகும் வண்டியில் வளைவுகளிலும் மரைகளிலும் விரிசல் விடும்.

எடை மேடையில்

ஞாயிறு காலை, முதல் நாள் இரவு இருந்த அதே நிலையில் நான்கு பேர், சாமான், முழுத் தொட்டியோடு வண்டியை ஒரு கணினி எடை மேடைக்கு ஓட்டிச் சென்றார்கள். லாரிகளை எடை போடும் இடம்தான். முழு வண்டி, பின் அச்சு மட்டும், பிறகு இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் என மூன்று முறை போடச் சொல்ல வேண்டும். மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் மூன்றாவது எடை சரியாக வரும்.

மொத்தம் 4,330 கிலோ. பின் அச்சில் 2,870. இடப்பக்கம் 2,040, வலப்பக்கம் 2,290.

மொத்தத்தில் 30 கிலோ கூடுதல் என்பது சிறியதாகத் தெரியலாம். பின் அச்சில் 70 கிலோ கூடுதல், வலப்பக்கம் 250 கிலோ கனம் என்பவை சிறியவை அல்ல. தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை, பேட்டரி, கருவிப் பெட்டி எல்லாம் வலப்பக்கமே இருந்தன. வேலை செய்பவருக்குக் குழாயும் வயரும் ஒரே பக்கம் போனால் வசதி, அதனால் இப்படி நடக்கிறது. கேரவன் கட்டும் எந்தப் பட்டறையிலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது இந்த நிகழ்வை எழுதுவோரின் உறுதியான கருத்து. திரைச்சீலையும் விளக்கும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எடை எங்கே உட்காருகிறது என்பதை மாற்ற வண்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

எடுத்த முடிவு: பயணத்தில் தண்ணீர் 60 லிட்டருக்கு மேல் கொண்டுபோவதில்லை. போகும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். தொட்டி பின் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருந்ததால், 90 லிட்டர் குறைத்தபோது பின் அச்சில் 100 கிலோ குறைந்தது. அச்சுக்குப் பின்னால் இருக்கும் எடை துலாக்கோல் போல முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் கூடுதலாக அழுத்தும். பின் டிக்கியிலிருந்து இரண்டாவது கூடாரம், மடக்கு மேசை, அரிசி மூட்டை என 50 கிலோவை வீட்டிலேயே விட்டார்கள். 30 கிலோ கருவிப் பெட்டி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போனது. மீண்டும் எடை போட்டபோது மொத்தம் 4,190, பின் அச்சு 2,700, வலப்பக்கம் 2,170, இடப்பக்கம் 2,020.

அன்று கவனிக்கத் தவறிய அறிகுறி ஒன்றும் உண்டு. முதல் முறை எடை போட்டு மேடையின் சரிவில் இறங்கும்போது, கைப்பிரேக்கை விட்டும் வண்டி தானாக உருளவில்லை. லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்த பிறகே நகர்ந்தது. ‘புது வண்டி, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்’ என்று விட்டுவிட்டார்கள். அதன் பொருள் சில வாரம் கழித்து ஏலகிரி அடிவாரத்தில் தெரிந்தது.

பட்டறையில் திருத்தியவை

எடை மேடைக்கும் வீட்டுக்குமாக ஒரு மணி நேரம் வண்டி ஓடியும், ஏ.சி.யும் பிரிட்ஜும் ஓடும் உள் பேட்டரி ஒரு சதவீதம்தான் ஏறியிருந்தது. எஞ்சினிலிருந்து ஏற்றும் 40 ஆம்பியர் சார்ஜர் ஒழுங்காக வேலை செய்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏற வேண்டும். மெக்கானிக் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். எஞ்சின் பேட்டரியில் 14.1 வோல்ட், சார்ஜரின் வாயில் 12. சார்ஜர் தொடங்கும், வோல்ட் விழும், தானாக அணையும், மறுபடி தொடங்கும்.

முன்னால் இருந்து சார்ஜர் வரை 7 மீட்டர், திரும்பும் வயரும் சேர்த்து 14 மீட்டர். போட்டிருந்தது 6 சதுர மி.மீ. வயர். மீட்டருக்கு 3 மில்லி ஓமுக்குச் சற்று மேல் என்றால் மொத்தம் 43 மில்லி ஓம். சார்ஜர் உள்ளே இழுக்கும் 46 ஆம்பியர் அதில் ஓடும்போது 2 வோல்ட் வழியிலேயே கரைகிறது. அது வெப்பமாகப் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 25 சதுர மி.மீ. வயர் மாற்றியதும் இழப்பு அரை வோல்ட்டாகக் குறைந்தது. வயரின் இரு முனையிலும், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், 60 ஆம்பியர் பியூஸ் போடப்பட்டது. இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஒரு முனையில் மட்டும் பியூஸ் போட்டால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது மறுமுனை மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கெட்டிக் குழாய்களை எடுத்துவிட்டு நூல் பின்னிய வளையும் ஹோஸ் போட்டு, இணைப்புகளில் ஸ்டீல் கிளிப் முறுக்கினார்கள். பம்பின் இரு பக்கமும் அரை மீட்டர் ஹோஸ் தளர்வாக விடப்பட்டது. பிறகு அழுத்தம் ஏற்றி, எல்லாக் குழாயும் மூடி, அரை மணி நேரம் பம்பு ஓடாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வண்டியை வெளியே விட்டார்கள். வாசலில் நிரப்பியது போர் தண்ணீர். உப்பு படிந்து சிறிய கீசரின் சுருள் சீக்கிரம் போய்விடும் என்பதால் இனி மெட்ரோ தண்ணீர் மட்டும் என்று தீர்மானித்தார்கள்.

சமையல் வாயு 5 கிலோ சிலிண்டர், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் பெட்டிக்குள். அந்தப் பெட்டியின் தரையில் துளை இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். பட்டறை துளையைப் பெட்டியின் மேல்பக்கம் போட்டிருந்தது. தரையில் புதிதாகத் துளையிட்டு, சோப்பு நுரை தடவி எல்லா இணைப்பையும் சோதித்தார்கள்.

கடற்கரைச் சாலையில் ஒத்திகை

அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரம் பக்கம், ஒருவழி சுமார் 50 கிலோமீட்டர். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்த்தார்கள். இடப் பின் உள் டயரில் வெளி டயரை விட 30 பி.எஸ்.ஐ. குறைவு. உள் டயருக்குக் காற்றடிக்க வசதியாகப் பட்டறை போட்ட நீட்டிப்புக் குழாய் வால்வை லேசாக அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைச் சக்கரம் நன்றாகத்தான் நிற்கும், எடையெல்லாம் ஒரே டயர் தாங்கும். நீட்டிப்பைக் கழற்றிவிட்டு நீள வால்வே போட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்துப் பார்த்தபோது இரண்டு நட்டு கால் சுற்று இறங்கின. சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வண்டியிலும் முதல் 50, 100 கிலோமீட்டரில் இது நடக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி பார்த்தபோது எதுவும் அசையவில்லை.

இரவு ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தினார்கள். காலையில் பின் சக்கரங்கள் மணலில் கையகலம் இறங்கியிருந்தன. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறங்கியது. படகு இழுக்கும் டிராக்டர் ஒன்று பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து இழுத்தது. கயிறைப் பின் பம்பரில் கட்டப் போனார்கள். தந்தை தடுத்து, சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உள்ள இழுவை வளையத்தில் கட்டச் சொன்னார். பம்பர் பட்டறை போட்ட அலங்காரத் தகடு, நாலு டன்னை இழுத்தால் கையோடு வந்துவிடும். அன்று முதல் நிறுத்தும் முன் ஒருவர் இறங்கி நடந்து தரையைக் குதிகாலால் அழுத்திப் பார்ப்பது வழக்கமானது.

ஏலகிரி: ஏற்றம்

புரட்டாசியில் ஒரு வெள்ளி, காலை நாலரைக்குக் கிளம்பினார்கள். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சுமார் 230 கிலோமீட்டர். தொட்டியில் 60 லிட்டர். வேகம் 70-ஐத் தாண்டவில்லை. தாய் படுக்கையில் சாய்ந்துகொண்டு வர ஆசைப்பட்டார். ஓடும்போது எல்லோரும் இருக்கையில், பெல்ட் போட்டு, என்பதில் மகன் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி அவரைப் பத்து நிமிடம் படுக்க வைத்தார்கள். சார்ஜர் இப்போது ஒழுங்காக ஏற்றியதால் அடிவாரம் வரும்போது பேட்டரி நிறைந்திருந்தது.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும். இரண்டாம் கியரில் நிதானமாக ஏறினார்கள். எஞ்சின் சூடு ஏறவில்லை. ஆறாவது வளைவில் சமையல் மேடையின் கீழ் இழுப்பறை முழுதாகத் திறந்து, ஐந்து லிட்டர் குக்கர் எதிர்ப்பக்க இருக்கையின் காலில் மோதியது. நல்லவேளை, அங்கே யாருடைய காலும் இல்லை. காந்தத் தாழ் வீட்டு அலமாரிக்கு, வண்டிக்கு அழுத்திப் பூட்டும் பொத்தான் தாழ் வேண்டும். கனமான பாத்திரம் எப்போதும் தரையோடு இருக்கும் பெட்டியில்.

ஒன்பதாவது வளைவுக்கு மேல் உள்ளே சாக்கடை நாற்றம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள வளைகுழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கழிவுத் தொட்டியின் நாற்றத்தைத் தடுப்பது. வளைவுகளில் ஆடி அந்தத் தண்ணீர் வழிந்துவிட்டது. துளையை ரப்பர் மூடியால் அடைத்துப் பயணம் தொடர்ந்தது. பின்னர் தண்ணீர் தேவைப்படாத ரப்பர்-நாக்கு வால்வு போட்டார்கள்.

மேலே இரண்டு இரவுகள்

முன்பே பேசிவைத்த விடுதி வளாகத்தில் நிறுத்தம். விடுதியின் 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து 25 மீட்டர் நீட்டிப்பு வயர், சுருளை முழுதும் பிரித்துத்தான் போட்டார்கள். சுருட்டி வைத்தே அதிகச் சுமை இழுத்தால் சுருள் உள்ளே வெந்து உருகும். இணைக்கும் முன் பிளக் சோதிப்பான் எர்த் இல்லை என்று காட்டியது. தகர உடம்பு வண்டியில் எர்த் இல்லாமல் வெளி மின்சாரம் கொடுத்தால், எங்கோ ஒரு வயர் தொட்டாலும் கதவுப் பிடியே ஷாக் அடிக்கும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் உயிருக்கு ஆபத்து. வண்டிக்குள் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இருந்தும், விடுதியின் எலக்ட்ரீஷியன் எர்த் உள்ள வேறு பிளக்கைக் காட்டும் வரை காத்திருந்தார்கள்.

கழிப்பறைப் பெட்டியை விடுதியின் கழிப்பறையிலேயே கொட்டினார்கள். அது செப்டிக் தொட்டிக்குப் போவதால் ஃபார்மலின் வகை மருந்து சேர்க்கவில்லை, அது தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். இரவுக் குளிரில் ஏ.சி. தேவைப்படவில்லை.

சனிக்கிழமை மாலை விடுதிக் குழாயில் தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பினார்கள். அதுவே மறுநாள் சிக்கலுக்கு வித்தானது.

இறக்கமும் சூடான சக்கரமும்

ஞாயிறு காலை இறங்கினார்கள். மருமகள் நினைவூட்டியும், ‘கீழே போய்த் திறந்துவிடலாம்’ என்று தண்ணீரை வெளியேற்றவில்லை. சுமார் 110 லிட்டர் இருந்தது. ஏறிய அதே இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, சரியாகவே ஓட்டினார் மகன். நாலு வளைவு மிச்சம் இருக்கும்போது கருகிய வாடை.

அடிவாரத்தில் நிறுத்தி, இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானியால் பிரேக் டிரம்களை அளந்தார்கள். இடப் பின் சக்கரம் 95 டிகிரி, வலப் பின் சக்கரம் 170. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கொதிக்கும் வார்ப்பிரும்பு டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். கைப்பிரேக் போடாமல், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, 40 நிமிடம் காத்திருந்தார்கள். சூடாக இருக்கும்போது கைப்பிரேக்கை இறுக்கினால், டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டியை 40 லிட்டர் வரை வெறுமையாக்கி, 50 கிலோமீட்டர் வேகத்தில், அரை மணிக்கு ஒருமுறை அளந்துகொண்டே சென்னை வந்தார்கள். தண்ணீர் குறைந்ததும் வெப்பம் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமானது. அதுதான் மெக்கானிக்குக் கிடைத்த துப்பு.

வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. தொட்டிக்கு இடம் செய்வதற்காகப் பட்டறை வலப் பக்கக் கைப்பிரேக் கேபிளை அதன் பழைய பாதையிலிருந்து விலக்கி, தொட்டியைத் தாங்கும் இரும்பு ஆங்கிளுக்கு அடியில் கொண்டுபோயிருந்தது. தொட்டி காலியாக இருந்தால் இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி. நிரம்பினால் ஆங்கிள் சில மில்லிமீட்டர் தொய்ந்து கேபிளை அழுத்தும், கைப்பிரேக் விட்ட நிலையிலும் வலச் சக்கரத்தில் லைனிங் உரசிக்கொண்டே இருக்கும். எடை மேடைச் சரிவில் வண்டி உருள மறுத்தது இதனால்தான். அதன் பிறகு 60 லிட்டரோடு மட்டுமே ஓடியதால் கடற்கரைப் பயணத்திலும் மலையேற்றத்திலும் குறை மறைந்தே கிடந்தது.

லைனிங் கண்ணாடி போல் மழமழத்திருந்தது. இரு பக்கமும் புதிதாக மாற்றினார்கள். ஆங்கிளை வெட்டி, மேலே தூக்கி, கேபிளுக்கு 40 மி.மீ. இடைவெளி விட்டு மறுபடி வெல்டு செய்தார்கள். தொட்டியை முழுக்க நிரப்பி, பின் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க, கையால் சுற்றிப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுபோல் சுழன்றன. பட்டறை தன் செலவிலேயே செய்து கொடுத்தது.

இன்னொரு முறை என்றால்

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன்பே, தொட்டி நிறைய, ஆட்களோடு எடை போட்டிருப்பார்கள். மூன்று எடைகளும் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருப்பார்கள். வயரின் கனம், குழாயின் வகை, தாழின் வகை மூன்றும் எழுத்தில் இருந்திருக்கும். வண்டியின் மூல பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் பாதைகளில் எதையும் நகர்த்தியிருக்கிறார்களா என்று அடியில் படுத்துப் பார்க்க ஒரு மெக்கானிக்கை வண்டி எடுக்கும் நாளிலேயே கூட்டிப் போயிருப்பார்கள். ஒத்திகைப் பயணத்தைக் காலித் தொட்டியோடு ஒருமுறை, முழுத் தொட்டியோடு ஒருமுறை எனச் செய்து, இரண்டு முறையும் நிறுத்தியவுடன் எல்லாச் சக்கரங்களின் வெப்பத்தையும் அளந்திருப்பார்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் ஏலகிரி அடிவாரத்தில் கண்டது மாமல்லபுரத்திலேயே தெரிந்திருக்கும்.

பெண்கள் சொன்ன இரண்டும், இரவில் ஓடிய பம்பும் இறங்கும் முன் திறக்கச் சொன்ன தண்ணீரும், இந்த நிகழ்வில் மிகச் சரியான கவனிப்புகள். முதலாவதைக் கேட்டார்கள், இரண்டாவதைக் கேட்கவில்லை.

ஐப்பசியின் முதல் கனமழையில் ஏ.சி.க்காக வெட்டிய கூரைத் திறப்பின் ஓரத்தில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் இறங்கியது. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துப் பாலியூரித்தேன் பசை வைத்து, ஹோஸால் இருபது நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் கசிவு இல்லை. வலப்பக்கம் இன்னும் 150 கிலோ கூடுதலாகவே இருக்கிறது. அடுத்த சர்வீஸில் பேட்டரிப் பெட்டி இடப்பக்கத்துக்கு மாறுகிறது. தை பிறந்ததும் தரங்கம்பாடிக்குப் போவதாக இருக்கிறார்கள், முழுத் தொட்டியோடு ஒருமுறை வண்டலூர் வரை போய் வந்த பிறகு.